கொல்லையும் விசைப்பலகையும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக விளங்குவது கல்வராயன் மலை. அதன் வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும், தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். முன்னது சராசரி 2,700 அடி உயரமும், பின்னது 4,000 அடி உயரமும் உடையன. சாமையும் தினையும் மரவள்ளியும் விளைகின்ற இம்மலைமேல், மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் வழிவழியாக வாழ்ந்து வருகின்றனர். பெயரைக் கண்டு அவர்களைக் கேரள நாட்டினர் என்று கருதிவிடுதல் கூடாது. அவர்கள் பேசும் மொழி தமிழே. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து மேலேறும் சாலை வெள்ளிமலையை அடைகின்றது. 2019-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்தின் கல்வராயன் மலை வட்டத்திற்கு வெள்ளிமலையே தலைமையிடம்.

வெள்ளிமலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் உழவர் ஒருவர் இருந்தார். அவருக்கு மலைச்சரிவில் ஒரு கொல்லை உண்டு. புன்செய் நிலத்தைக் கொல்லை என்று சொல்வது அப்பக்கத்து வழக்கு. அவருடைய தந்தையும் பாட்டனும் உழுத நிலம் அது. ஆயினும் அதற்குப் பட்டா இல்லை. காட்டு நிலத்தில் காலங்காலமாகப் பயிர் செய்து வாழும் பழங்குடியினரின் உரிமையை ஏற்பதற்கென 2006-ஆம் ஆண்டில் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2005 டிசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்னரே நிலம் தம் கைவசம் இருந்தது என்பதைக் காட்டுவோர் கிராம சபையின் முன் உரிமை கோரலாம். ஊர்ப் பெரியோர் சொல்லும் வாக்குமூலத்தையும் எழுத்தில் பதிந்து சான்றாக வைக்கலாம்.

உழவரும் ஒரு மனு எழுதுவித்தார். கீழ்நாட்டில் ஒருவர் அதனைத் தட்டச்சுச் செய்து கொடுத்தார். உழவர் அதை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டு மலையேறி வந்தார். வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அதனைப் படித்துப் பார்த்தாள், படித்தவள் திகைத்தாள். "என் பாட்டன் காலந்தொட்டு எங்கள் அனுபவத்தில் உள்ள கொள்ளை" என்று அதில் அச்சாகியிருந்தது! கொல்லை கொள்ளை ஆகிவிட்டது. நிலத்தைக் கேட்கப் போன மனு, களவை ஒப்புக்கொள்ளும் ஓலையாக மாறி நின்றது.

தட்டச்சுச் செய்தவரை முற்றிலும் பழித்தல் தகாது. அவர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் முறையைக் கையாண்டவர். அம்முறையில் லகரத்திற்கும் ளகரத்திற்கும் விசை ஒன்றே. அதனைத் தனியே அழுத்தினால் லகரம் வரும். மேல்மாற்று விசையையும் சேர்த்து அழுத்தினால் ளகரம் வரும். கணினியே சொல்லை ஊகித்துத் தருகின்ற மென்பொருளும் உண்டு. அஃது ஊகித்துக் கொடுத்த சொல்லைச் சரிபாராமல் ஏற்றுக்கொண்டாலும் இப்பிழை நேரும்.

"இனி நம் மனுவை நாமே எழுதுவோம், அப்பா. அண்ணன் கொண்டுவந்த கணினி இருக்கிறதே" என்றாள் மகள்.

கணினி இருந்தது மெய். திருப்பூரில் வேலை செய்யும் அண்ணன், பயன்பட்ட மேசைக்கணினி ஒன்றை வாங்கி முந்தைய பொங்கலுக்குக் கொண்டுவந்திருந்தான். ஆனால் அதன் விசைப்பலகையின் கம்பியை எலி கடித்துவிட்டது. சுட்டியின் கம்பியும் தப்பவில்லை. சாமை மூட்டைக்குப் பக்கத்தில் கணினியை வைத்தது யார் குற்றம் என்று வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. ஆயா மட்டும் எலியின் பக்கம் பேசினார்.

கம்பியே இல்லாத விசைப்பலகையும் சுட்டியும் வாங்கிவிட்டால் எலித்தொல்லை தீரும் என்பது உழவரின் எண்ணம். மகளுக்கு வேறொரு காரணமும் இருந்தது. வீட்டில் மேசை ஒன்றே. அதனைக் கணினித் திரை அடைத்துக்கொண்டது. அவள் தரையில் அமர்ந்து, மடிமேல் பலகை வைத்து எழுதிப் பழகியவள். கம்பியில்லாவிடில் விசைப்பலகையையும் அவ்வாறே மடிமேல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கையில் இருந்த பணமோ மரவள்ளிக் கிழங்கு விற்று வந்த சிறு தொகை. அதனை ஒருமுறை தவறாகச் செலவிட்டால், அடுத்த விளைச்சல் வரையில் காத்திருக்க வேண்டும். எனவே தந்தையும் மகளும் பள்ளியின் கணினி ஆசிரியரிடம் சென்று வழி கேட்டனர்.

"கம்பி இல்லை என்றால் எழுத்து எப்படி ஐயா போய்ச் சேரும்?" என்று உழவர் முதலில் கேட்டார். வாங்கப்போகும் பொருளின் வேலையை அறியாமல் அதன் விலையைப் பேசுவது அவர் வழக்கம் அன்று.

ஆசிரியர் பழைய விசைப்பலகை ஒன்றைத் திருப்பிப் பிரித்துக் காட்டினார். விசைகளின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்தடங்கள் ஓடுகின்றன. ஒரு விசையை அழுத்தினால், அவ்விடத்தில் குறுக்குத் தடம் ஒன்றும் நெடுக்குத் தடம் ஒன்றும் தொட்டுக்கொள்ளும். உள்ளே இருக்கும் சிறு சில்லு எந்த இரு தடங்கள் தொட்டன என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். தொட்ட இடத்திற்குரிய எண்ணைக் கணினிக்கு அனுப்பும். அனுப்பப்படுவது எழுத்தன்று, எண்ணே என்பது நினைவில் வைக்கத்தக்கது. கம்பியுள்ள பலகையில் அந்த எண் செம்புக் கம்பியின் வழியே செல்கின்றது. கம்பியில்லாப் பலகையில் வானொலி அலையின்மேல் ஏறிச் செல்கின்றது.

கம்பியின்றிச் செய்தி அனுப்புதல் இந்நாட்டிற்குப் புதிதன்று. 1895-ஆம் ஆண்டில் கல்கத்தா நகரமண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் பலரும் காண ஒரு சோதனை நிகழ்த்தினார். அவர் எழுப்பிய அலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தையும் பற்றவைத்தன. அவர் கையாண்ட அலைகள் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கத்தக்க மிகச் சிறிய அலைகள். இக்காலத்துக் கம்பியில்லா விசைப்பலகைகளும் சுட்டிகளும் பெரும்பாலும் நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிரும் அலைகளைக் கையாளுகின்றன. அவ்வலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. இந்த அலைவரிசையைக் குறைந்த ஆற்றலில் உரிமம் பெறாமலே பயன்படுத்திக்கொள்ள இந்திய அரசு 2005-ஆம் ஆண்டில் இடமளித்தது. உரிமம் வேண்டாத பொதுவழி ஆதலால் அதில் நெரிசலும் மிகுதி. வைஃபை கருவிகளும் நுண்ணலை அடுப்புகளும்கூட அவ்வழியிலேயே நடமாடுகின்றன.

நெரிசலில் செய்தி சிதையாமல் இருப்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் முன்பே பேசிவைத்துக்கொண்டு, ஓர் அலைவரிசையிலிருந்து மற்றொன்றிற்குத் தாவிக்கொண்டே இருக்கும். இத்தகைய தாவல் முறை ஒன்றிற்கு 1942-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர்கள் இருவர். ஒருவர் திரைப்பட நடிகை ஹெடி லாமர், மற்றவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல். பகைவர் குழப்பவியலாதவாறு நீர்மூழ்கிக் குண்டை வழிநடத்துவதே அவர்கள் கருதிய பயன். போருக்கு எண்ணிய முறை இன்று வீட்டுக் கருவிகளிலும் புகுந்துள்ளது. புளூடூத் என்னும் முறையின் பழைய வகை, 79 வழிகளுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவுகின்றது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட மன்னர் ஒருவரின் பட்டப்பெயரே புளூடூத் என்பது. பிரிந்து கிடந்த மக்களை அவர் ஒன்றுசேர்த்தது போல, இம்முறையும் பல கருவிகளை ஒன்றுசேர்க்கும் என்று கருதி அப்பெயரை இட்டனர்.

"அப்படியானால் புளூடூத் உள்ளதையே வாங்கலாமா, ஐயா?" என்றாள் மாணவி.

"உன் அண்ணன் கொண்டுவந்த கணினியில் புளூடூத் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாயா, அம்மா?" என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார்.

அக்கணினியில் அது இல்லை. பழைய மேசைக்கணினிகள் பலவற்றில் அது இராது. அன்றியும், புளூடூத் விசைப்பலகை பொதுவாக இயக்கமுறைமை முழுவதும் எழுந்த பிறகே வேலை செய்யத் தொடங்கும். கணினி பழுதுற்று, தொடக்கத்திலேயே ஒரு விசையை அழுத்த வேண்டிய வேளையில் அது கைகொடாமல் போதலும் உண்டு. மற்றொரு வகையில், விசைப்பலகையுடன் விரல்நகம் அளவுள்ள வாங்கி ஒன்று வரும். அதனைக் கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகினால் போதும். கணினி அதனைக் கம்பியுள்ள விசைப்பலகையாகவே எண்ணிக்கொள்ளும். ஒரே வாங்கி விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் பொதுவாக அமைவதும் வசதியே. அதன் குறை யாதெனில், அந்த வாங்கி தொலைந்தால் பெரும்பாலும் இரண்டு கருவிகளும் வீண். பெருக்கும்போது துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு போகும் அளவினது அது; ஆகையால் செருகிய இடத்திலிருந்து அதனை எடுக்காமலே விட்டுவிடுதல் நலம்.

செருகும் இடத்திலும் சற்றுக் கருத்து வேண்டும். யு.எஸ்.பி. 3.0 எனப்படும் விரைவு மிக்க துளைகள் வேலை செய்யும்போது, அதே 240 கோடி அதிர்வுப் பகுதியில் மின்னிரைச்சலை எழுப்புகின்றன. 2012-ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர். அத்துளைகளை அடுத்து வாங்கியைச் செருகினால் எழுத்துகள் விட்டுவிட்டு விழும்; சுட்டி இழுத்து இழுத்து நகரும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவோர் பலர், வாங்கியை வேறு துளைக்கு மாற்றினாலே குறை தீர்வதைக் காண்பர்.

அடுத்து ஆசிரியர் பாதுகாப்பைப் பற்றிக் கூறினார். கம்பியில் செல்லும் செய்தி கம்பியோடு அடங்கும். காற்றில் செல்லும் செய்தியோ நாற்புறமும் பரவும். அதனை அயலார் கருவியும் பெறக்கூடும். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், பல நிறுவனங்களின் கம்பியில்லாக் கருவிகளைச் சோதித்தனர். அவற்றுள் பலவற்றின் வாங்கிகள், 100 மீட்டர் தொலைவில் நின்று அயலார் அனுப்பும் பொய்யான விசைத்தட்டல்களையும் உண்மை என்று ஏற்றுக்கொண்டன. அதே ஆண்டில், விலை மலிந்த சில விசைப்பலகைகள் எழுதுவதை எல்லாம் மறைப்பின்றி வெட்டவெளியில் அனுப்புகின்றன என்பதும் தெரியவந்தது. வங்கிக் கடவுச்சொல்லை அத்தகைய பலகையில் எழுதுவது, சந்தையில் நின்று அதனை உரக்கக் கூவுவதை ஒக்கும். ஆதலால் பெட்டியின்மேல் குறியாக்கம் உண்டு என்றோ, ஏ.இ.எஸ். 128 என்றோ அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். அச்செய்தி இல்லாத பெட்டியை, விலை எவ்வளவு குறைந்தாலும், திருப்பி வைத்துவிட வேண்டும்.

"நம் மலையில் நூறு மீட்டருக்குள் யார் ஐயா வந்து ஒட்டுக் கேட்கப் போகிறார்கள்?" என்று உழவர் நகைத்தார்.

"இன்று இல்லை. நாளை உங்கள் மகள் கல்லூரி விடுதிக்கு இதையே எடுத்துச் செல்லக்கூடும்" என்றார் ஆசிரியர். உழவர் அதற்கு விடை கூறவில்லை, ஆனால் ஏ.இ.எஸ். என்பதை மகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதச் செய்து வாங்கிக்கொண்டார்.

மின்கலத்தைப் பற்றிய பேச்சில் உழவரே வழிகாட்டினார். மின்னேற்றிக்கொள்ளத்தக்க மின்கலம் உள்ளேயே பொருத்தப்பட்ட கருவிகள் உண்டு. அவை பார்வைக்கு அழகியவை. சில ஆண்டுகளில் அம்மின்கலம் நலிந்தால், மாற்றுவதற்கு நகரத்திற்குத்தான் செல்ல வேண்டும். எல்லாவற்றிலும் மாற்றவும் இயலாது. சுவர்க்கடிகாரத்திற்கு இடும் பேட்டரியோ ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். "கடிகாரத்துப் பேட்டரி போடுகிற மாதிரியே வாங்குவோம்" என்றார் அவர். அவ்வகை மின்கலம் சுட்டியில் பல மாதங்களும், விசைப்பலகையில் ஓராண்டும் அதற்கு மேலும் உழைப்பதுண்டு. பல நாள் பயன்படுத்தாமல் வைப்பதாயின் கழற்றி வைத்தல் வேண்டும். இல்லையேல், மலையின் ஈரக்காற்றில் நாள்பட்டுக் கிடக்கும் மின்கலம் கசிந்து, உலோகத் தகடுகளை அரித்துவிடும். தீர்ந்தவற்றைக் காட்டிலும் ஓடையிலும் எறிதல் தீது. அவற்றைத் திரும்பப் பெறும் கடமையை உற்பத்தியாளர்மேல் சுமத்தி 2022-ஆம் ஆண்டில் விதிகள் பிறந்துள்ளன.

சுட்டியைப் பற்றிச் சுருங்கச் சொல்லினும் போதும். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் எண்ணி, பில் இங்கிலிஷ் என்பவர் 1964-இல் செய்து முடித்த முதல் சுட்டி, இரு சக்கரங்கள் பூட்டிய மரப்பெட்டி. 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் அதனை உலகிற்குக் காட்டினர். இன்றைய சுட்டியில் சக்கரம் இல்லை. அடியில் ஒரு சிறு விளக்கும், மிக நுண்ணிய படக்கருவியும் உள்ளன. அப்படக்கருவி தரையின் மேடுபள்ளங்களை நொடிக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட முறை படம் பிடிக்கின்றது. முன்படத்தையும் பின்படத்தையும் ஒப்பிட்டு, தான் எப்பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுகொள்கின்றது. ஆகவே மேடுபள்ளம் இல்லாத கண்ணாடிமேல் அது குருடாகிவிடும். மரப்பலகையும் பழைய நாட்காட்டியின் அட்டையும் அதற்கு ஏற்ற தரைகள். சுட்டியைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்குதல் கூடாது. பெரியவர் கைக்குப் பொருந்துவது சிறுமியின் கைக்குப் பருத்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை தந்தையும் மகளும் பேருந்தில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினர். கடைக்காரர் ஐந்தாறு பெட்டிகளை எடுத்து வைத்தார். உழவர் தம் தாளை விரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஏ.இ.எஸ். என்னும் குறி இருக்கிறதா என்று மகளைத் தேடச் சொன்னார். ஒளிரும் விசைகள் உடைய பெட்டியைக் கடைக்காரர் பெரிதும் புகழ்ந்தார். அவ்விளக்குகள் மின்கலத்தை விரைவில் குடித்துவிடும் என்று மகள் அதனை ஒதுக்கினாள். இறுதியில், ஒரு வாங்கியும் கடிகார மின்கலமும் கொண்ட எளிய இணை ஒன்று தேர்ந்தது. விலையும் கைக்கு அடங்கியது. பெட்டியைத் திறந்து பார்த்த உழவரின் முகம் அப்போதுதான் வாடிற்று.

"இதில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லையே, அம்மா! எல்லாம் இங்கிலீசாக இருக்கிறது. மனு தமிழில் அல்லவா எழுத வேண்டும்?"

"தமிழ் எழுத்துப் போட்டது எங்களிடம் இல்லை, அண்ணா. கேட்டு வருபவர் குறைவு" என்றார் கடைக்காரர்.

உழவர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர். மகளுக்காக வாங்கினாலும், தாமும் ஒருநாள் அதில் ஓரிரு சொற்களை எழுதிப் பார்க்கலாம் என்னும் ஆசை அவர் உள்ளத்தில் இருந்தது. அதனை அவர் எவரிடமும் சொல்லவில்லை. "பணத்தைக் கொடுங்கள், அப்பா. தமிழை நான் வீட்டில் காட்டுகிறேன்" என்றாள் மகள்.

அவள் துணிந்து சொன்னதற்குக் காரணம் இருந்தது. விசைப்பலகை அனுப்புவது எண்ணே அன்றி எழுத்தன்று என்பதை அவள் மறக்கவில்லை. அவ்வெண்ணை ஆங்கில எழுத்தாகக் கொள்வதும் தமிழ் எழுத்தாகக் கொள்வதும் கணினியின் உள்ளே இருக்கும் மென்பொருளின் வேலை. மென்பொருளைத் தமிழுக்கு மாற்றினால், உலகில் எங்குச் செய்த பலகையும் தமிழ்ப் பலகையாகும். விசையின்மேல் உள்ள எழுத்து, வீட்டுக் கதவின்மேல் ஒட்டிய எண்ணைப் போன்றது. அதனை மாற்றி ஒட்டலாம்.

தட்டச்சுப்பொறியின் காலத்தில் இந்த எளிமை இல்லை. அங்கே ஒவ்வொரு விசைக்கும் ஓர் உலோக அச்சு உண்டு. அச்சில் உள்ள எழுத்தே தாளில் விழும். ஆங்கில எழுத்து இருபத்தாறே. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். இவற்றை ஒரு சிறு பொறியின் விசைகளுக்குள் அடக்குவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை கண்டவர்களுள் முதல்வராகப் போற்றப்படுபவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த முத்தையா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவிற்குச் சென்று வணிக நிறுவனத்தில் பணிபுரிந்த அவர், ஆங்கிலத் தட்டச்சின் விரைவைக் கண்டு, தமிழுக்கும் அது வேண்டும் என்று முயன்றார். புள்ளி, விசிறி போன்ற குறிகளுக்கு நகராவிசைகளை அவர் அமைத்தார். அவ்விசையை அழுத்தினால் குறி தாளில் விழும். ஆனால் தாள் நகராது. அடுத்து அழுத்தும் மெய்யெழுத்து அக்குறியோடு அதே இடத்தில் சென்று பொருந்தும். இங்ஙனம் இரு விசைகளின் கூட்டால் ஓர் எழுத்துப் பிறக்க, விசைகளின் எண்ணிக்கை பெரிதும் சுருங்கிற்று.

கணினி வந்தபின் வேறு வகையான குழப்பம் விளைந்தது. தமிழ் மென்பொருள் செய்தவர் ஒவ்வொருவரும் விசைகளை ஒவ்வொரு வகையாக அடுக்கினர். எழுத்துருக்களும் ஒன்றோடொன்று ஒவ்வாதனவாக இருந்தன. ஒருவர் எழுதி அனுப்பியதை மற்றவர் திறந்தால், புரியாத குறிகளே திரையில் நிரம்பின. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய தமிழிணைய மாநாடு இதனை ஆராய்ந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டு அரசு ஒரு பொது அடுக்கை ஏற்றது. அதன் பெயர் தமிழ்99. பின்னர் 2010-ஆம் ஆண்டில், உலகப் பொதுவான யூனிகோடு முறையையும் அவ்வரசு தன் அலுவல்களுக்குத் தரமாக ஏற்றது.

தமிழ்99 அடுக்கு நெடுங்கணக்கை அறிந்தவர்க்கு எளிது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு உரியன. நடுவரிசையில் அ, இ, உ, ஃ, எ என்பன உள்ளன. அவற்றின் நேர்மேலே ஆ, ஈ, ஊ, ஐ, ஏ என்பன நிற்கின்றன. குறிலின் தலைமேல் அதன் நெடில். கீழ்வரிசையில் ஔ, ஓ, ஒ. மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கு உரியன. நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய என்பனவும், மேல்வரிசையில் ள, ற, ன, ட, ண, ச, ஞ என்பனவும், கீழ்வரிசையில் ல, ர, ழ என்பனவும் அமைந்துள்ளன. வகரமும் ஙகரமும் மட்டும் இடக்கைச் சுட்டுவிரலுக்கு வந்துள்ளன. முப்பத்தொரு விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய் தோன்றும். தமிழ்ச் சொற்களில் ஒரே மெய் இரட்டித்து வருவது மிகுதி அன்றோ? அதனால் ஒரு மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே வந்துவிடும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இனவெழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அவ்வாறே. ஏனைய இடங்களில் புள்ளி வேண்டுமாயின் ஆய்தத்தைத் தட்ட வேண்டும். மமதை என்பது போலப் புள்ளி வேண்டாத இடத்தில், முதல் மகரத்திற்குப் பின் அகரத்தைத் தட்டிவிட்டால் போதும். வெள்ளிமலை என்று எழுதுவதற்கு வ, எ, ள, ள, இ, ம, ல, ஐ என எட்டுத் தட்டல்கள்.

இவ்வடுக்கே எல்லார்க்கும் உகந்தது என்று வற்புறுத்துவதற்கில்லை. பழைய தட்டச்சு பயின்றவர் கைகள் பழைய அடுக்கையே நாடும். இலங்கையில் வேறோர் அடுக்கு அரசின் தரமாக உள்ளது. ஆயினும் புதிதாகக் கற்கும் ஒருவர் ஆங்கில எழுத்தின் வழியாகத் தமிழை எழுதுவது, அடுத்த வீட்டு வழியாகத் தன் வீட்டிற்குள் நுழைவதை ஒக்கும். லகர ளகர மயக்கம் பிறப்பதும் அவ்வழியிலேதான். தமிழ்99 அடுக்கில் லகரம் கீழ்வரிசையில் இருக்கின்றது, ளகரம் மேல்வரிசையில் இருக்கின்றது. ஒன்றைத் தட்டப் போய் மற்றொன்றைத் தட்டுதல் அரிது.

அன்று மாலையே மகள் வாங்கியைக் கணினியின் பின்புறத்தில் செருகினாள். சாமை மூட்டை மறுமூலைக்குச் சென்றது. கம்பி இல்லாவிடினும் திரைக்கும் கணினிக்கும் இன்னும் கம்பிகள் உண்டே என்று அவள் சொன்னதை ஆயாவும் ஒப்புக்கொண்டார். இயக்கமுறைமையின் மொழிப்பகுதியில் தமிழ்99 என்பதை அவள் தேர்ந்தாள். பிறகு வெள்ளைத் தாளைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, முப்பத்தொரு எழுத்துகளையும் மையால் எழுதி, ஒவ்வொரு விசையின்மேலும் ஒட்டி, அதன்மேல் ஒளிபுகும் பசைநாடாவையும் ஒட்டினாள். விளக்கு வைத்த பிறகும் அவ்வேலை நீண்டது. தந்தை பக்கத்தில் அமர்ந்து, ஒட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஊர்ப் பெரியவர் இருவர் வந்து திண்ணையில் அமர்ந்தனர். அக்கொல்லையின் எல்லைகளை அவர்கள் சொல்லச் சொல்ல, மகள் மடிமேல் பலகையை வைத்துத் தட்டிக்கொண்டே வந்தாள். நிலத்தின் பெயர் வரும் இடத்தில் அவள் நிறுத்தினாள். விசைப்பலகையைத் தூக்கித் தந்தையின் மடிமேல் வைத்தாள். பின்னே இழுபடுவதற்குக் கம்பி ஏதும் இல்லை.

"இதை நீங்களே எழுதுங்கள், அப்பா."

மண்வெட்டி பிடித்துக் காய்த்த சுட்டுவிரலை அவர் நீட்டினார். ககரத்தைக் கண்டார், தட்டினார். ஒகரத்தைத் தேடுவதற்குச் சற்று நேரம் ஆயிற்று. பின்னர் விரல் கீழ்வரிசையில் லகரத்தின்மேல் நின்றது. அவர் மகளின் முகத்தை ஒருமுறை நோக்கிவிட்டு அதனைத் தட்டினார், மீண்டும் தட்டினார், முதல் லகரத்தின்மேல் புள்ளி தானே வந்து அமர்ந்ததைக் கண்டு வியந்தார். ஐகாரத்தையும் தட்டிவிட்டு விரலை எடுத்தார். திரையில் கொல்லை என்று இருந்தது.